எழுபத்தேழு பாத்திகள்

இலவம்பஞ்சு மூக்கில் ஏறினால் வருகிற தும்மல் மற்றத் தும்மல்களைப் போல ஒன்றிரண்டோடு போகாது. முதல் தும்மலின் காற்றில் இன்னும் கொஞ்சம் பஞ்சு பறக்கும். அது அடுத்த தும்மலுக்கு வழிசெய்யும். அப்படியே நீண்டுகொண்டு போகும். எங்கள் வீட்டில் பாக்கியம் அக்காவுக்குப் பதினொன்று, அம்மாவுக்கு ஒன்பது, எனக்குப் பதினேழு. அய்யாவின் அக்காவான அத்தை மட்டும் முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஒரு தும்மல்கூட இல்லாமல் உட்கார்ந்திருப்பார். காற்று வந்தால் பஞ்சு பறந்துவிடும் என்று கதவை அடைத்துவிட்டு, நாங்கள் நால்வரும் கூடைக்குள் கவட்டைக் கம்பை விட்டுக் கடைவோம். மிளகு மாதிரிக் கறுப்பு விதைகள் சலசலவென்று அடியில் இறங்கும். ஒரு காயில் நூற்று நாற்பத்திரண்டு விதை இருந்ததை எண்ணியிருக்கிறேன். இரண்டாவது காயையும் எண்ணிப் பார்த்துவிடலாம் என்று எடுத்தபோது அத்தை வெறுங்கூடையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. யுத்தம் எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவே இருந்த எங்கள் ஊரில் அதன் சத்தம் கேட்காவிட்டாலும், துணிக்கடைக்குப் போனால் தெரிந்துவிடும். அலமாரிகளில் பாதி காலி. கம்பளி என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். "எல்லாம் பட்டாளத்துக்குப் போயிருச்சு" என்பார். எங்களுக்கோ கம்பளி இல்லாமல் முடியாது என்கிற நிலைமை.

அய்யா ஆண்டுதோறும் ஆடி மாதக் கடைசியில் மெட்டு என்கிற மலைப்பாதையில் ஏறி, மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விடுவார். தை பிறப்பதற்குள் இறங்கி வருவார். எங்கள் கிணற்றுத் தோட்டம் வருஷத்தில் ஆறு மாதத்துக்குத்தான் சோறு போட்டது. மீதி ஆறு மாதச் சோறு மலை மேல் இருந்தது. முந்தின வருஷம் அவர் நடந்து இறங்கவில்லை. இரண்டு பேர் தோளில் தூக்கிக் கொண்டுவந்தார்கள். நெஞ்சுச் சளி. நாற்பத்தொரு நாள் படுக்கை. ஒருநாள் காலையிலிருந்து உச்சிப்பொழுதுக்குள் அவர் இருநூற்றுப் பத்துத் தடவை இருமினார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் உட்கார்ந்து எண்ணினேன். "திரும்ப ஒருக்கா அந்த ஈரக்குளிர் நெஞ்சுல இறங்குச்சுன்னா, பிறகு என்கிட்டக் கூட்டியாராதீக" என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். அய்யாவிடம் இருந்த பழைய கம்பளியில் முப்பத்தொரு ஓட்டை. மலையாளம் பேசுகிறவர்களோடு பழகிய பழக்கத்தில் அய்யா குளிரை 'தணுப்பு' என்பார். "அங்கன தணுப்புன்னா உங்களுக்கு என்ன தெரியும்? சுவரே வேர்க்கும்" என்று அவர் சொன்னபோது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சு இருந்தது. எங்கள் கிணற்று மேட்டில் இரண்டு இலவமரம் நின்றது. ஆகவே போர்வையை நாமே செய்துவிடுவோம் என்று அத்தை கிளம்பினார். இரண்டு வேட்டியை மேலும் கீழுமாக வைத்து நான்கு ஓரமும் தைத்து, இருந்த பஞ்சை எல்லாம் அதற்குள் திணித்தார். சினைப்பசு படுத்த மாதிரி ஒரு மூட்டை உருவாயிற்று. அய்யா அதைப் போர்த்திப் படுத்து ஒருமுறைதான் புரண்டார். பஞ்சு முழுக்கக் கால்பக்கம் ஓடிப்போய்க் குவிந்துகொண்டது. நெஞ்சின்மேல் மிஞ்சியது இரண்டு வேட்டி மட்டும்.

அம்மா அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "வயக்காட்டுல ஒரே மடையாத் தண்ணியத் திறந்துவிட்டா பள்ளத்துக்குத்தான் போகும் மதினி. பாத்தி கட்டுனாத்தான் அங்கங்க நிக்கும்."

"போர்வையில பாத்தி கட்டப்போறாளாம், போர்வையில! பிறகு என்ன, வெங்காயம் நடுவியா?"

"வெங்காயம் நடல. பஞ்சு நடுறேன்."

எங்கள் வீட்டில் விளையாட்டாக வந்த பேச்சுதான் எப்போதும் காரியமாக முடியும். மறுநாளே அம்மா ஒரு சாண் நீளம் ஒரு சாண் அகலத்தில் சின்னதாக ஒன்றைத் தைத்துக் காட்டினார். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு. உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து மூன்று ஓரம் தையல். பிறகு பையைத் திருப்புவதுபோலத் திருப்பி, என் கையால் மூன்று பிடி பஞ்சு. நாலாவது ஓரத்தை மூடியபின், பஞ்சு நகராமல் இருக்க மேலிருந்து கீழாக ஐந்து வரிசை நூல் ஓட்டம். அவ்வளவுதான். அது முடிந்த காரியம். கையில் எடுத்துத் தட்டலாம், தூக்கிப் போடலாம், கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். உள்ளே இருக்கிற பஞ்சு ஒரு இம்மிகூட அசையாது. அத்தை அதை வாங்கி உதறினார், கசக்கினார், குப்புறக் கவிழ்த்துத் தட்டினார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. "தையல் கோணல்" என்று சொல்லிவிட்டு, தானும் ஊசியை எடுத்துக்கொண்டார்.

அப்படியாகத் துண்டுக்குப் 'பாத்தி' என்று பெயர் வந்தது. ஐந்து வரிசை நூல் ஓட்டத்துக்கு 'நடவு'. கடைசியில் பாத்திகளை ஒன்றோடொன்று சேர்க்கப்போகும் துணிப்பட்டைக்கு, அது கிழிக்கப்படாத நாளிலேயே 'வரப்பு' என்று பெயர் வைத்தாயிற்று. பெரிய போர்வை என்றால் விரித்துப் போட்டுத் தைக்க எங்கள் வீட்டில் இடம் கிடையாது. பாத்தி என்றால் மடியில் செருகிக்கொண்டு போகலாம். அம்மாவும் அத்தையும் அக்காவும் அதைத்தான் செய்தார்கள். வயலில் நடவு வேலைக்குப் போன இடத்தில், கஞ்சி குடித்து இளைப்பாறும் நேரத்துக்குள் நாலு வரிசை ஓட்டிவிடுவார்கள். ஒருநாள் அம்மாவுக்குச் சோற்றுவாளி கொண்டுபோனபோது நானே கேட்டேன். நடவுக்கு வந்த பெண்களில் ஒருத்தி, "ஏத்தா, உன் வீட்டுக்காரருக்குக் கோவணமா தைக்கிற? இம்புட்டுத் தடியா!" என்றாள். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "மலையில குளிர் அப்படி" என்றார். வரப்பில் உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் சேற்றில் விழாத குறை.

எத்தனை பாத்தி வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. நாலாம் வகுப்புப் படிக்கிறவன் நான் ஒருவன் வீட்டில் இருக்கும்போது வேறு யார் கணக்குப் போடுவது? இரண்டு சாண் ஒரு முழம் என்று வாய்ப்பாட்டில் இருந்தது; சாண் என்றால் உலகம் முழுக்க ஒரே சாண் என்று நான் எண்ணியிருந்தேன். அய்யா மத்தியானம் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது, கட்டில் சட்டத்தின் மேல் கையை வைத்துக் குதிகாலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் சத்தமில்லாமல் அளந்தேன். பதினொரு சாண். குறுக்கே, மடக்கிய முழங்கைகளையும் சேர்த்து ஏழு சாண். ஏழு பதினொன்று எழுபத்தேழு! கரிக்கட்டையை எடுத்துச் சுவரில் பெரிதாக எழுதிவிட்டேன்.

"மனுச உடம்பு எண்சாண்தானே? இவன் என்ன பதினொண்ணுங்குறான்?" என்றார் அத்தை.

"தலையையும் மூடணும், காலுக்கடியிலயும் மடிச்சுச் சொருகணும்ல மதினி? அதுக்கு மூணு சாண்" என்று அம்மா எனக்காகப் பதில் சொன்னார்.

"அட, ஆமா! படிச்ச பிள்ளை முன்யோசனையோடதான் அளந்திருக்கான்" என்று அத்தை என் தலையைத் தடவினார். அவர் தடவியது எனக்கு நினைவிருக்கிற வரையில் நான்கு தடவை. அதில் இது ஒன்று. அந்தச் சந்தோஷத்தில் நான் எதை அளந்தேன், எப்படி அளந்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கு ஆறு நாள் கழித்து எங்கள் தெருக் கடைசியில் ஒரு வயசாளி இறந்துபோனார். குழி வெட்டுகிறவர் ஒரு குச்சியோடு வந்து, படுக்கவைத்திருந்த உடம்பின் நீளத்தை அளந்துகொண்டு போனார். ஏன் அளக்கிறார் என்று அத்தையிடம் கேட்டேன்.

"குழிக்கு அளவு வேணாமா? அதனாலதான் உசுரோட படுத்திருக்கிற ஆளை அளக்கக் கூடாதும்பாக. அளந்துட்டா மண்ணு அந்த அளவைக் கேக்கும்" என்றார்.

அய்யாவை நான் படுத்த வாக்கில் அளந்திருந்தேன். நீளம் பதினொன்று, அகலம் ஏழு, சுவரில் வேறு எழுதிவைத்திருந்தேன்! யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மண் கேட்பதற்கு முன்னால் அந்த அளவைத் துணிக்குக் கொடுத்துவிட வேண்டும். எழுபத்தேழும் முடிந்துவிட்டால் அது போர்வைக்காக எடுத்த அளவு என்று ஆகிவிடும். மண்ணுக்கு அதில் பேச்சில்லை. ஆனால் எழுபத்தேழும் முடிய வேண்டும். எழுபத்தாறு என்றால் அது வெறும் துணி.

அன்றிலிருந்து வீட்டில் என் தொல்லையை யாராலும் தாங்க முடியவில்லை. விடிந்ததும் எண்ணுவேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து எண்ணுவேன். சுவரில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரிசைக் கோடு. அவரவர் சாணால் அளந்து அவரவர் தைத்தார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. துணி தீரும்போதெல்லாம் அந்தோணி மாமாவிடம் ஓடுவேன். அவர் அடுத்த தெருவில், கோயிலுக்கு எதிரே மெஷின் போட்டிருந்த டெய்லர், கிறிஸ்தவர். எங்களுக்கு உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் அவருக்கு நான் மருமகன். மெஷினுக்கு அடியில் விழும் வெட்டுத் துணிகளை எனக்கென்று ஒரு சாக்கில் போட்டுவைப்பார்.

"வாங்க மருமகனே. இன்னிக்கு எத்தனையாவது பாத்தி?"

"முப்பத்தெட்டு மாமா."

"அம்புட்டுத்தானா? நீங்க எழுபத்தேழு முடிக்கிறதுக்குள்ள யுத்தமே முடிஞ்சிரும். மாதா மேல சத்தியம், அன்னிக்கு நானே உங்க அய்யாவுக்குக் கம்பளி வாங்கித் தாரேன்."

சாக்கில் கிடைத்தவை பெரும்பாலும் விரலகலத் துண்டுகள். சில பாத்திகளின் முகத்துக்கு ஐந்து ஆறு துண்டுகளை ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஒரு பாத்தியில் பதின்மூன்று. நீலக் கோடு, மஞ்சள் பூ, பாதிரியார் அங்கியில் மிஞ்சிய வெள்ளை, யாரோ ஒரு கல்யாணச் சட்டையின் ரோஜா நிறம்: தினமும் எங்கள் வீட்டில் புதிதாக ஒரு பாத்தி விளைந்தது. இப்போது இந்த வயதில், மருந்துச் சீட்டைத் தவிர வேறு எதற்கும் நான் காத்திருப்பதில்லை. அந்தப் பாத்திகளுக்குக் காத்திருந்த மாதிரி பிறகு எதற்குமே காத்திருந்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வயலிலிருந்து மூன்று பேரும் திரும்புகிற நேரத்தில் வாய்க்கால் பாலத்தில் போய் நின்றுகொள்வேன். அக்கா தூரத்திலேயே பாத்தியை எடுத்து மேலே வீசுவாள். அது சுழன்று இறங்குவதற்குள் ஓடிப்போய்ப் பிடிப்பேன்.

ஆடி பிறந்தபோது ஐம்பது முடிந்திருந்தது. அம்மா பஞ்சுக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "போதும். பஞ்சும் தீரப்போகுது, துணியும் தீரப்போகுது. இருக்கிறதை வச்சுச் சேர்ப்போம்" என்றார்.

நான் தரையில் விழுந்து புரண்டேன். எழுபத்தேழு வேண்டும், எழுபத்தேழு வேண்டும் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

"இவனுக்கு என்ன பேயா பிடிச்சிருக்கு?" என்றார் அத்தை.

"நீயா தைக்கிற? எண்ணுறவனுக்கு என்ன நோவு! என் விரலைப் பாருடா" என்று அக்கா இடது ஆள்காட்டி விரலை என் மூக்கருகே நீட்டினாள். பார்த்தேன். ஊசி குத்திய தடம் பதினான்கு இருந்தது. எண்ணிச் சொன்னதற்கு அடியும் விழுந்தது. ஆனாலும் என் அழுகையைத் தாங்காமல் தைத்தார்கள். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. பழைய தலையணையைப் பிரித்து ஐம்பத்தைந்து. அக்கா தன் பாவாடையின் அடிக்கொசுவத்தை வெட்டிக் கொடுத்து ஐம்பத்தேழு.

அன்று காலைதான், மலைக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணி வாசலில் வந்து நின்றார். "மழை முந்திப் பிடிச்சிருச்சு. காய் பழுத்து நிக்குது. பதினெட்டாம் பெருக்கெல்லாம் இந்த வருசம் மேலதான். நாளக்கழிச்சு விடிய மெட்டு ஏறணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா பாத்திகளை எல்லாம் ஒரு கூடையில் அள்ளிக் களத்துக்குக் கொண்டுபோனார். சாணம் மெழுகிய களத்தில் அவற்றைப் பரப்பத் தொடங்கினார். எல்லோரும் சுற்றி நின்றோம். நான் மட்டும், "இன்னும் இருபது இருக்கு, இன்னும் இருபது இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இருபது இல்லாட்டி என்னலே? முட்டங்காலு வரைக்கும் மூடிக்கிறேன்" என்று அய்யா சிரித்தார். சிரிப்பின் முடிவில் இருமல் வந்தது.

அந்த இருமலைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. "கூடாது! மண்ணு கேக்கும்!" என்று கத்திவிட்டேன். பிறகு எல்லாம் வெளியே வந்தது: கயிற்றுக் கட்டில், வேப்பமரம், பதினொன்று, ஏழு.

"அடப் பாவி, படுத்திருக்கையிலயா அளந்த!" என்று அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டார். அம்மா கையில் பிடித்திருந்த பாத்தியைக் கீழே போட்டுவிட்டு அய்யாவின் பக்கத்தில் போய் நின்றார்.

அய்யா என்னை அருகே கூப்பிட்டார். "எத்தனை சாண்?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"யாரு சாணு?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. "சாணுதான்" என்றேன்.

"கையை விரி." விரித்தேன். தன் கையை விரித்து அதன்மேல் என் கையை வைத்தார். என் சுண்டுவிரல் அவருடைய மோதிர விரலின் பாதியைக்கூட எட்டவில்லை. "பாத்தியா? உன் சாணுக்குப் பதினொண்ணு. என் சாணுக்கு எட்டு. மண்ணு வந்து பதினொண்ணைக் கேட்டா, அது என்கிட்ட இல்லைம்பேன். எட்டைக் கேட்டா, அதை எவனும் அளக்கலைம்பேன். தப்புக் கணக்கைத் தூக்கிக்கிட்டு அது எங்கன போயி வழக்குப் பேசும்?"

பேசி முடித்ததும், பரப்பிய பாத்திகளின்மேல் மல்லாக்கப் படுத்துவிட்டார்.

"ஏ தம்பி, எந்திரி! எந்திரிங்குறேன்ல!" என்று அத்தை அலறினார்.

"நான் பஞ்சு மேல படுத்திருக்கேன் அக்கா. மண்ணு மேல இல்ல. எண்ணுலே!"

எண்ணினேன். ஓடி ஓடி எண்ணினேன். அம்மாவும் அக்காவும் பாத்திகளை நகர்த்தி நகர்த்தி அவரைச் சுற்றி அடுக்கினார்கள். பெரியவர்களின் சாண் அளவில் தைத்த பாத்தி ஒவ்வொன்றும் என் சாணைவிடப் பெரிது அல்லவா! நீளத்துக்கு ஒன்பது வரிசை வைத்ததும் அவர் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் களத்து மண் தெரியவில்லை. பாத்தி மட்டும் இருந்தது. அகலத்துக்கு ஆறு போதும். ஒன்பது ஆறு ஐம்பத்து நான்கு! மூன்று மிச்சம்! இருபது குறைகிறது என்று அழுதவன், மூன்று மிச்சம் மூன்று மிச்சம் என்று களத்தைச் சுற்றி ஓடினேன். "இந்த மிச்சத்துக்கா என் பாவாடையை வெட்டுன?" என்று அக்கா விரட்டிக்கொண்டு வந்தாள்.

ஆனால் சேர்க்க உட்கார்ந்தபோது அடுத்த கூத்து. அத்தையின் விரல்கள் நீளம். அவர் பாத்தி பெரிது. அம்மாவுடையது அதைவிட ஒரு விரல் குறைவு. அக்காவுடையது இன்னும் சிறிது. ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைத்தால் ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. "இந்த வீட்டுல நாலு சாணு இருந்திருக்கு. ஒருத்தருக்கும் தெரியல" என்று அய்யா தலையில் கைவைத்தார். அம்மாதான் பார்த்துப் பார்த்துச் சொன்னார்: "எந்தத் தோட்டத்துல பாத்தி எல்லாம் ஒண்ணுபோல இருக்கு? சின்னப் பாத்திக்கு வரப்பை அகலமாப் போடு."

அத்தைக்கென்று மூன்று வரிசை. அம்மாவுக்கு மூன்று. அக்காவுக்கு இரண்டு. ஒன்பதாவது மூன்று பேர் பாத்தியும் கலந்த வரிசை. அதில் வரப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம். வரப்புக்குத் துணி? அத்தை உள்ளே போய், தான் முதலில் தைத்த அந்த இரண்டு வேட்டியை எடுத்துவந்து, யாரும் கேட்காமலே டர்ரென்று கிழித்தார்.

செய்தி கேட்டு அந்தோணி மாமா வந்தார். மெஷினில் போட்டு ஒரு நிமிஷத்தில் ஓட்டிவிடலாம் என்று ஒரு வரிசையை அள்ளிக்கொண்டு போனவர், கால்மணி நேரத்தில் திரும்பினார். பஞ்சு வைத்த பாத்தி மெஷினின் காலுக்கு அடியில் நுழையவில்லை. "மெஷின்காரனைக் கையால தைக்க வச்சிட்டீகளே மருமகனே" என்று புலம்பிக்கொண்டே களத்தில் உட்கார்ந்து ஊசியைக் கோத்தார். அய்யாவும் தைத்தார். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு நாளில் நூற்று எண்பத்தாறு தடவை கோத்தேன். மறுநாள் பொழுது சாயும்போது கடைசி வரப்பைத் தைத்து முடித்த அக்கா நூலை அறுத்தாள். ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி உதறினோம். ஐம்பத்து நான்கு பாத்தியும் ஒன்றாக எழும்பி, காற்றை வாங்கி, மெதுவாக இறங்கியது. ஒரு பிடி பஞ்சும் ஓடவில்லை. அத்தை அம்மாவின் கையைப் பிடித்து, குத்துப்பட்ட விரல் நுனிகளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

விடியலில் அய்யா அதைச் சுருட்டிக் கயிறு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனார். நான் நாள் எண்ணத் தொடங்கினேன். புரட்டாசியில் ஊருக்குள் யாராவது வேகமாக நடந்து வந்தாலே, மலையிலிருந்து செய்தியோ என்று பின்னால் ஓடுவேன். நூற்று அறுபத்தாறாம் நாள், மார்கழிக் கடைசியில், வாய்க்கால் பாலத்தில் அவர் வருவதைப் பார்த்தேன். யாரும் தூக்கவில்லை. நடந்து வந்தார். தலையில் போர்வைச் சுருள் இருந்தது; ஆனால் போனபோது இருந்ததைவிடச் சிறுத்திருந்தது.

அவர் முகம் கழுவப் போவதற்குள் கயிற்றை அவிழ்த்து விரித்துப் பார்த்தேன். ஏழு வரிசை. நாற்பத்திரண்டு!

"ரெண்டு வரிசை எங்க அய்யா?"

ஐப்பசியில், தொடர்ந்து மழை பெய்த வாரத்தில், தோட்டத்து ஆட்கள் தங்கும் லயத்தில் பக்கத்து அறையில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததாம். குழந்தையின் உதடு நீலமாக இருந்ததாம். சுற்ற உலர்ந்த துணி ஒன்றும் இல்லையாம். "வரப்பு நூலை அறுத்து ரெண்டு வரிசையைக் குடுத்தேன். பாத்தி பாத்தியா இருந்ததுனால ஒரு துளிப் பஞ்சு சிந்தலலே" என்றார், அதுதான் நான் கேட்க விரும்பிய செய்தி என்பதுபோல.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பன்னிரண்டு பாத்தி! அம்மாவின் ஆறு, அத்தையின் ஆறு. "உங்க நெஞ்சுக்கு?" என்று கேட்டேன்.

"ஏழு வரிசை நெஞ்சுக்குத் தாராளம். காலுக்குச் சாக்கு."

"பிள்ளை பிழைச்சுச்சா?"

"நான் இறங்குறப்போ பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?"

"உன் பாத்திக்குள்ள இருந்துச்சு. நான் எங்க பாத்தேன்?"

"பேரு?"

"வைக்கல போல."

சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். முந்நூறு வரைக்கும் எண்ணினேன். ஓர் இருமல்கூட இல்லை. அதன் பிறகு அவர் இருபத்தாறு வருஷம் இருந்தார். அதில் பதினோரு வருஷம் மலைக்குப் போய்வந்தார்.

இப்போது எனக்கு எண்பத்தெட்டு. தேனியில் பேரன் வீட்டில் எனக்கென்று வாங்கிப்போட்டிருக்கும் போர்வையில் மெஷின் தையல் கட்டம் நானூற்று முப்பத்திரண்டு இருக்கிறது. அத்தனையும் மேல்பார்வைக்குத்தான், உள்ளே ஒரே பாளம். பாதியை வெட்டி ஒருவருக்குக் கொடுக்கலாம் என்றால் முடியாது. மொத்தமும் பிரிந்து கொட்டிவிடும். இலவமரம் இரண்டும் போய்விட்டன. களம் இருந்த இடத்தில் யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். அம்மா, அய்யா, அத்தை, அந்தோணி மாமா, போன வருஷம் அக்கா: ஐந்து பேரும் இல்லை. நாற்பத்திரண்டு பாத்திகளில் அக்கா கல்யாணத்தில் கொண்டுபோனது பன்னிரண்டு, என் பிள்ளைகள் தொட்டிலில் கிழித்தது பதினெட்டு, அத்தையோடு போனது ஆறு, கறையான் தின்றது ஆறு. கணக்கு நேராகிவிட்டது.

மேலே தங்கிவிட்ட பன்னிரண்டு மட்டும் தெரியவில்லை. பெயர்கூடக் கேட்டுவராத அய்யாவின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. விசாரிக்க இப்போது அந்த லயத்தில் ஒருவரும் இல்லை. அதனால் அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஐப்பசிக்கும் அதற்கு ஒரு வயது கூட்டிவருகிறேன். இந்த ஐப்பசி வந்தால் எழுபத்தொன்பது.